மணலில் சிக்கியதா ஃபோர் வீல் டிரைவ்? ஆக்சிலரேட்டரை விடுங்க... ட்ராக்கை எடுங்க! - ஒரு கம்ப்ளீட் கைடு

2024 ஜூன் மாதம் குஜராத்தின் கட்ச் மாவட்டம், முந்த்ரா கடற்கரை. ரீல்ஸ் எடுப்பதற்காக இரண்டு தார் வண்டிகளைக் கடல் தண்ணீருக்குள் இறக்கினார்கள் சில இளைஞர்கள். மணல் இரண்டையும் பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஏற ஏற, வண்டியை நகர்த்தவே முடியவில்லை. ஊர்க்காரர்களின் உதவியோடுதான் வண்டிகள் வெளியே வந்தன. அந்த வீடியோ நாடு முழுக்க வைரலானது. அடுத்து போலீஸ் வழக்கும் வந்தது.

'ஃபோர் வீல் டிரைவ்தானே, எங்கே வேணும்னாலும் போகும்' என்ற நம்பிக்கைதான் மணலில் பலரையும் சிக்கவைக்கிறது. தாரும் ஜிம்னியும் ஊருக்கு ஊர் தென்படுகிற காலம் இது. ராஜஸ்தான் ட்ரிப், துபாயில் வேலை பார்க்கும் நண்பரோடு வீக் எண்ட் டெசர்ட் டிரைவ் என மணலில் வண்டி ஓட்டும் வாய்ப்பும் கூடிவிட்டது. அப்படிப் போகிறவர்கள் பலரும் டிக்கியிலோ, வண்டியின் மேலேயோ கலர் கலராக இரண்டு பிளாஸ்டிக் பலகைகளை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ரிக்கவரி ட்ராக். பார்க்க ஸ்டைலாக இருக்கிறதே என்று வாங்கி மாட்டியவர்களில் எத்தனை பேருக்கு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியும்? வாங்க, அடிப்படையிலிருந்து பார்த்துவிடலாம்.

முதல்ல, மணல் ஏன் வண்டியை விழுங்குது?

தார் ரோட்டில் டயருக்குக் கீழே இருக்கும் தரை நகராது. மணல் அப்படியில்லை. டயர் சுற்றும்போது, தனக்குக் கீழே இருக்கும் மணலைப் பின்னால் தள்ளுகிறது. வண்டி முன்னே போகிற வேகத்தைவிட டயர் சுற்றுகிற வேகம் அதிகமாகிவிட்டால், டயர் சக்கரமாக வேலை செய்வதை நிறுத்திவிட்டு மண்வெட்டியாக மாறிவிடும். தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும்.

இங்கேதான் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். வண்டி நகரவில்லை என்றதும் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்துகிறார்கள். அஞ்சு செகண்ட் அப்படி அழுத்தினால் போதும். டயர் பாதி புதைந்து, வண்டியின் வயிற்றுப்பகுதி மணலில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு வண்டியின் எடையை டயர்கள் தாங்காது, மணல்தான் தாங்கும். டயரில் எடையே இல்லாதபோது எத்தனை வீல் டிரைவ் இருந்தும் பிரயோஜனமில்லை.

இன்னொரு விஷயம், டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதைத்தான் சுற்றவிடும். அதனால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியிலும் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, மற்ற இரண்டும் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். டிஃபரன்ஷியல் லாக் இருக்கும் வண்டிகளில் இந்தப் பிரச்னை குறைவு.

*ஒரு முக்கியமான நோட்:* தார் என்று பெயர் இருந்தாலே அது ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. 2023 முதல் பின் சக்கரங்களுக்கு மட்டும் பவர் போகும் தாரும் விற்பனையில் இருக்கிறது. நண்பரிடம் வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பும் முன், அது ஃபோர் வீல் டிரைவ்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தென்னை மட்டையில் இருந்து நைலான் வரை

சேற்றிலோ மணலிலோ லாரி சிக்கினால் நம்ம ஊர் டிரைவர்கள் என்ன செய்வார்கள்? கோணிச் சாக்கு, தென்னை மட்டை, பனை ஓலை, பழைய பலகை என்று கையில் கிடைத்ததை டயருக்கு அடியில் சொருகுவார்கள். ரிக்கவரி ட்ராக்கின் அடிப்படை ஐடியாவும் இதேதான். வழுக்குகிற தரைக்கும் டயருக்கும் நடுவே, பிடிமானம் தரும் ஒன்றை வைப்பது.

இதைப் பாலைவனத்தில் முறையாகப் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்ட். 1920-களின் கடைசியிலும் 1930-களிலும் சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் பயணம் போனவர் இவர். அந்த கார்களில் ஃபோர் வீல் டிரைவ் எல்லாம் கிடையாது. டயரில் காற்றைக் குறைப்பது, நீளமான இரும்புத் தகடுகளைச் சக்கரத்துக்கு முன்னால் போடுவது, இந்த இரண்டும்தான் அவருடைய ஆயுதங்கள். 1940-ல் எகிப்தில் அவர் உருவாக்கிய 'லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்' என்ற ராணுவப் பிரிவின் லாரிகளிலும் இந்தத் தகடுகள் தொங்கின. மணல் எப்படிக் காற்றில் நகர்கிறது, மணல்மேடுகள் எப்படி உருவாகின்றன என்று 1941-ல் அவர் எழுதிய புத்தகம், அந்தத் துறையில் அடிப்படை நூல்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இன்னொரு பொருளும் வந்தது. தற்காலிக விமான ஓடுதளம் அமைக்க அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய, துளைபோட்ட எஃகுத் தகடு. 10 அடி நீளம், 15 அங்குல அகலம், எடை சுமார் 30 கிலோ. போர் முடிந்ததும் மிஞ்சிய தகடுகளை வெட்டி, வண்டியோடு கட்டிக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்பினார்கள் பயணிகள். உறுதியான பொருள்தான். ஆனால், தூக்கிப் போடுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

இன்று நாம் பார்க்கும் பிளாஸ்டிக் வடிவத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ஆஸ்திரேலியாவின் 'மேக்ஸ்ட்ராக்ஸ்'. 2005-ல் சந்தைக்கு வந்தது. வலுவூட்டப்பட்ட நைலானில் செய்தது. ஒரு பலகை சுமார் 1.15 மீட்டர் நீளம், 33 சென்டிமீட்டர் அகலம், எடை நான்கு கிலோவுக்கும் குறைவு. இப்போது பல பிராண்டுகள், பல விலைகளில் ஆன்லைனில் கிடைக்கின்றன. 'மேக்ஸ்ட்ராக்ஸ்' என்பதையே பொதுப்பெயராகச் சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

சிக்கிட்டீங்களா? இதை வரிசையா பண்ணுங்க!

1. காலை எடுங்க

வண்டி முன்னே நகரவில்லை, டயர் மட்டும் சுற்றுகிறது என்று தெரிந்த அதே நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். அது டயருக்கு முன்னால் மணலைக் குவித்து வைக்கும். வண்டி தானாக நிற்கட்டும்.

நின்றதும் ஒரே ஒருமுறை, வந்த தடத்திலேயே மெதுவாக ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே டயர் ஏறி அழுத்திய மணல் என்பதால், பின்னால் போவது பெரும்பாலும் சுலபம். டயர் சுற்ற ஆரம்பித்தால் அதோடு விட்டுவிடுங்கள். இன்னொரு தடவை ட்ரை பண்றேன்னு ஆரம்பிச்சா, தோண்டுற வேலைதான் கூடும்.

2. இறங்கிச் சுத்திப் பாருங்க

எல்லோரும் இறங்கிவிடுங்கள். நாலு பேர் இறங்கினாலே வண்டியின் எடை 250 கிலோ வரை குறையும். பிறகு வண்டியைச் சுற்றி வந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

- எந்த டயர்கள் அதிகம் புதைந்திருக்கின்றன?
- வண்டியின் அடிப்பகுதி மணலைத் தொடுகிறதா?
- எந்தப் பக்கம் கெட்டியான தரை இருக்கிறது, எந்தப் பக்கம் சரிவு?
- கடற்கரை என்றால், தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்கிக்கொண்டிருக்கிறதா?

அத்தோடு, சைலன்ஸர் குழாயைப் பாருங்கள். அது மணலுக்குள் புதைந்திருக்கும்போது, வெயிலுக்காக ஏ.சி போட்டுக்கொண்டு வண்டிக்குள் உட்காரவே கூடாது. வெளியேற வழியில்லாத புகை உள்ளே வரலாம். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவதுபோல இருக்கும், அப்படியே உயிரையும் எடுத்துவிடும். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, குழாயைச் சுற்றி முதலில் மணலை அள்ளுங்கள்.

3. காத்தை இறக்குங்க

மணலில் சிக்கிய வண்டிகளில் பல, ட்ராக்கே தேவைப்படாமல் இந்த ஒரு வேலையிலேயே வெளியே வந்துவிடும். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

ஆட்கள், பொருள்களோடு சேர்த்து வண்டி 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 450 கிலோ. டயரில் 32 பி.எஸ்.ஐ காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.25 கிலோ அழுத்தம். அப்படியென்றால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். காற்றை 16 பி.எஸ்.ஐ-க்கு இறக்கினால், அந்தப் பரப்பு சுமார் 400 ஆகிவிடும். டயரின் பக்கவாட்டு விறைப்பைப் பொறுத்து நிஜத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால், விஷயம் இதுதான். அதே எடை, இரண்டு மடங்கு இடத்தில் பரவுகிறது. ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு பீச்சில் நடப்பதற்கும், வெறுங்காலோடு நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். நீளம்தான் நிறைய கூடும். டேங்க் வண்டியின் பட்டை மாதிரி நீளமாகத் தரையில் படியும்.

- மணலில் இறங்கும் முன்பே: 18 முதல் 20 பி.எஸ்.ஐ
- சிக்கிக்கொண்டால்: சுமார் 15 பி.எஸ்.ஐ
- 12-க்குக் கீழே போனால்: வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து

நான்கு டயரிலும் ஒரே அளவுக்கு இறக்குங்கள். அளந்து பார்க்க சின்ன ஏர் கேஜ் ஒன்று கட்டாயம் வேண்டும். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக இறக்கும் வேலை வேண்டாம்.

4. தோண்டுங்க... இதுதான் பாதி வேலை

ட்ராக் வைத்தும் வண்டி வரவில்லை என்று புலம்புபவர்களில் பெரும்பாலோர், இந்த வேலையைச் சோம்பலில் தவிர்த்தவர்கள். ட்ராக் ஒரு படிக்கட்டு மாதிரி. குழிக்குள் கிடக்கும் டயருக்கு முன்னால் செங்குத்தாக ஒரு படிக்கட்டை நிறுத்தினால் எப்படி ஏறும்?

முதலில் வண்டியின் அடியில் தேங்கியிருக்கும் மணலை நீளமான மண்வெட்டியால் வெளியே இழுங்கள். வண்டிக்கு அடியில் தலையையோ உடம்பையோ நுழைக்கக் கூடாது. மணலில் நிற்கும் வண்டி எந்த நேரமும் உள்ளே இறங்கலாம். ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தால் இன்னும் ஆபத்து.

அடுத்து, எந்தத் திசையில் போகப் போகிறீர்களோ, அந்தத் திசையில் டயருக்கு முன்னால் இருக்கும் மணலை அகற்றுங்கள். டயரின் அடியிலிருந்து ஆரம்பித்து, மெதுவாக மேலேறும் சாய்தளம்போல வழி அமையட்டும். ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாக இருக்க வேண்டும். மண்வெட்டி இல்லையென்றால் ட்ராக்கையே பயன்படுத்தலாம். பல பிராண்டுகளில் ஒரு முனை அள்ளும் வடிவத்தில்தான் இருக்கும்.

5. ட்ராக்கை எங்கே, எப்படி வைக்கணும்?

- பற்கள் இருக்கும் பக்கம் மேலே. அந்தப் பற்கள்தான் டயரின் பட்டன்களுக்கு நடுவே மாட்டி, பிடிமானம் தரும்.
- சாய்வான முனை டயரை நோக்கி. அதை டயருக்கு அடியில் முடிந்தவரை ஆழமாகச் சொருகுங்கள். டயருக்கு முன்னால் சும்மா போட்டுவைத்தால், டயர் அதைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிர மேலே ஏறாது.
- டயர் போகும் திசைக்கு நேர்கோட்டில் இருக்கட்டும். ஸ்டியரிங்கையும் நேராக்குங்கள். திரும்பிய முன்சக்கரம் மணலில் பிரேக் போட்ட மாதிரிதான்.
- இரண்டு ட்ராக்தான் கையில் இருக்கிறது என்றால், அதிகம் புதைந்த அச்சின் இரண்டு டயர்களுக்கும் வையுங்கள். பின்னால் அதிக எடை ஏற்றிய வண்டிகளில் பெரும்பாலும் பின்டயர்களாகத்தான் இருக்கும். டூ வீல் டிரைவ் வண்டி என்றால், பவர் போகும் சக்கரங்களுக்குத்தான் வைக்க வேண்டும்.
- நான்கு ட்ராக் இருந்தால் நான்கு டயருக்கும்.
- ஒவ்வொரு ட்ராக்கின் முனையிலும், பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணிப்பட்டையோ கயிறோ கட்டிவிடுங்கள். வண்டி ஏறிப்போன பிறகு ட்ராக் மணலுக்குள் புதைந்துவிடும். கயிறு வெளியே தெரிந்தால்தான் தேடி எடுக்க முடியும்.

முன்னால் போவதா, பின்னால் போவதா? கெட்டியான தரை எந்தப் பக்கம் கிட்டத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம். மணல்மேட்டில் ஏறும்போது நின்றுவிட்டால், யோசிக்கவே வேண்டாம், பின்னால் இறங்குவதுதான் வழி. மேட்டின் சரிவில் குறுக்காகத் திரும்ப முயன்றால் வண்டி உருண்டுவிடும்.

6. ஆளை விலக்கிட்டு, மெதுவா நகர்த்துங்க

இந்தக் கட்டத்தில்தான் காயங்கள் நடக்கின்றன. டயர் வேகமாகச் சுற்றினால், அடியில் இருக்கும் பலகையைப் பின்னால் வீசி எறியும். நாலு கிலோ பலகை முழங்காலில் வந்து மோதினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக் கூடாது. 'பின்னாடி நின்னு தள்றேன் மச்சான்' என்று கிளம்புபவரை முதலில் ஓரமாக நிறுத்துங்கள். வீடியோ எடுப்பவரும் பக்கவாட்டில், தள்ளித்தான் நிற்க வேண்டும்.

இப்போது டிரைவர் செய்ய வேண்டியவை:

- 4எல் எனப்படும் லோ ரேஞ்ச் போடுங்கள். டிஃபரன்ஷியல் லாக் ஸ்விட்ச் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.
- டிராக்‌ஷன் கன்ட்ரோல், இ.எஸ்.பி ஆகியவற்றை ஆஃப் செய்ய வழி இருந்தால் ஆஃப் செய்யுங்கள். சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து, தேவையான நேரத்தில் இன்ஜின் பவரைக் குறைத்துவிடும். எந்த ஸ்விட்ச், எந்த மோட் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஊரிலேயே மேனுவலைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.
- மேனுவல் கியர் என்றால் லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் பெரும்பாலும் சரியாக இருக்கும். முதல் கியரில் டயர் சட்டென்று சுற்றிவிடும்.
- கிளட்சை மெதுவாக விட்டு, ஆக்சிலரேட்டரைப் பூப்போல அழுத்துங்கள். டயர் ட்ராக்கின் பற்களைக் கவ்வி ஏறுவது உங்களுக்கே தெரியும்.

ட்ராக்கின் மேல் டயர் சும்மா சுற்றினால் உடனே நிறுத்துங்கள். உராய்வுச் சூட்டில் நைலான் பற்கள் உருகிவிடும். சில நொடிகள் போதும், புது ட்ராக்கின் நடுப்பகுதி மொட்டையாகிவிடும். பற்கள் போன ட்ராக், வெறும் பிளாஸ்டிக் பலகை. சுற்றுகிறது என்றால் அர்த்தம் ஒன்றுதான்: இன்னும் தோண்ட வேண்டும், இன்னும் காற்று இறக்க வேண்டும்.

7. ஏறிட்டீங்களா? நிக்காதீங்க!

ட்ராக்கைத் தாண்டி வெளியே வந்த சந்தோஷத்தில் அங்கேயே பிரேக் போட்டு, இறங்கிக் கைதட்டினால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கெட்டியான தரை வரும்வரை ஒரே சீராக ஓட்டிப் போய் நிறுத்துங்கள். ட்ராக்கை நடந்து வந்து எடுத்துக்கொள்ளலாம். கெட்டியான தரை தூரத்தில் இருந்தால், கையில் இருக்கும் ட்ராக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, நீளமான பாதையாக்கலாம். அந்த நீளத்தில் கிடைக்கும் வேகம், அடுத்த சில மீட்டர்களைத் தாண்ட உதவும்.

தார் ரோட்டுக்கு வந்ததும் டயரில் பழையபடி காற்று அடித்துவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். குறைந்த காற்றோடு ஹைவேயில் போனால் டயர் சூடாகி வெடிக்கலாம். அதனால் வண்டியின் பேட்டரியில் இயங்கும் சின்னக் காற்று பம்ப்பும் ட்ராக்கோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும்.

தண்ணி ஏறுது... என்ன பண்றது?

பாலைவனத்தில் நேரம் உங்கள் பக்கம். கடற்கரையில் அப்படியில்லை. ஒரு உயர் அலை ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இதில் பாதி நேரம் தண்ணீர் உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையோரம் இருக்கும் கர்ரி தீவு. ஃப்ரேசர் ஐலேண்ட் என்று அறியப்பட்ட இந்தத் தீவுக்கு, 2023-ல் அங்குள்ள பட்சுல்லா பழங்குடி மக்கள் வைத்த பழைய பெயரே மீண்டும் வந்துவிட்டது. உலகின் மிகப்பெரிய மணல் தீவு. நீளம் 120 கிலோமீட்டருக்கும் மேல். 1992 முதல் யுனெஸ்கோவின் உலக பாரம்பர்யப் பட்டியலில் இருக்கிறது. கிழக்குப் பக்கத்தில் இருக்கும் '75 மைல் பீச்'தான் அங்கே ஹைவே. கடற்கரையில் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். போலீஸ் சோதனையும் உண்டு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியும், முன்கூட்டியே வாங்கிய அனுமதியும் இல்லாமல் அங்கே ஓட்ட முடியாது.

அங்கே சொல்லப்படும் முதல் விதி: உயர் அலைக்கு இரண்டு மணி நேரம் முன்பும், இரண்டு மணி நேரம் பின்பும் கடற்கரையில் வண்டி ஓட்டாதே. தண்ணீர் ஏறும்போது கெட்டியான ஈர மணல் மறைந்துவிடும். மிச்சம் இருப்பது மேலே உள்ள பொலபொல மணல் மட்டும். அங்கே சிக்கினால் ஒரு பக்கம் மணல்மேடு, இன்னொரு பக்கம் கடல்.

ஈர மணலில் நிற்கும் வண்டிக்கு இன்னொரு சிக்கல், ஒவ்வொரு அலையும் டயரைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே வண்டி இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் கடற்கரையில் சிக்கினால், தோண்ட ஆரம்பிக்கும்போதே உதவிக்கும் போன் செய்துவிடுங்கள். 'முதல்ல நாமளே பார்ப்போம்' என்று ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுக் கூப்பிட்டால், வந்தவர்களால் எட்டி நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். தண்ணீர் கதவு வரை வந்துவிட்டால், வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் மேட்டுக்கு வந்துவிடுங்கள். அதற்கு மேல் அதைக் காப்பாற்றப் போராடக் கூடாது.

பாலைவனத்தில் எதிரி, வெயில்

அமீரகத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு துபாய் - ஹத்தா சாலையில் இருக்கும் 'பிக் ரெட்' மணல்மேடு நன்றாகவே தெரிந்திருக்கும். கொஞ்சம் பழகியவர்கள் அபுதாபியின் லிவா வரை போவார்கள். அது ரூப் அல் காலி என்ற மாபெரும் பாலைவனத்தின் ஓரம். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் வெயிலில் மணல் தோண்டுவது சாதாரண விஷயமல்ல. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றித் தோண்டுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். தலைச்சுற்றல், வாந்தி, வியர்வை நின்றுபோவது என்று ஏதாவது தெரிந்தால், வண்டி வேலையை நிறுத்திவிட்டு அந்த ஆளைக் கவனியுங்கள்.

தனி வண்டியாகப் போகவே கூடாது. அனுபவமுள்ள குழுக்கள் குறைந்தது இரண்டு, மூன்று வண்டிகளாகத்தான் இறங்குவார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் வண்டி வரவே வராது என்றால், வண்டியை விட்டு நடக்க ஆரம்பிக்காதீர்கள். தேடி வருபவர்களின் கண்ணில் ஆளைவிட வண்டிதான் சுலபமாகப் படும். நிழலும் அங்கேதான் இருக்கிறது.

நம்ம ஊர்ல பீச்ல ஓட்டலாமா?

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்வோம். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும் முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் சேற்றிலும்தான் வேன்களும் ஜீப்புகளும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. எந்த இடத்தில் மணல் இறுகும், எங்கே இளகும் என்பது அந்த டிரைவர்களுக்கு அத்துப்படி. இன்று சாலை இருக்கும்போது, வண்டியை மணலில் இறக்கவேண்டிய அவசியமே இல்லை.

கோவாவில் கடற்கரையில் வண்டி ஓட்டினால் போலீஸ் வழக்கு போடுகிறது. நம் கரையில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆலிவ் ரிட்லி கடலாமைகள் சென்னை உட்பட தமிழகக் கடற்கரைகளில் முட்டையிடும் காலம். ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கும் மேல் இருக்கும். மணலுக்கு மேலே எந்த அடையாளமும் தெரியாது. ஒரு டயர் ஏறிப்போனால் எல்லாம் போச்சு. ஆசைக்கு மணலில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், அனுமதி உள்ள ஆஃப்ரோடு பயிற்சி மைதானங்களுக்குப் போங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*ட்ராக்குக்குப் பதிலா கயிறு கட்டி இழுத்தா என்ன?*
இழுக்கலாம். ஆனால், ஆபத்து அதிகம். இழுவிசையில் கயிறு அறுந்தாலோ, கொக்கி பிய்ந்தாலோ அது தோட்டா வேகத்தில் பறக்கும். டிரெய்லர் மாட்டும் டோ பாலில் பெல்ட்டைக் கட்டி இழுத்து, அது பிய்ந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. இழுப்பதற்கென்றே வண்டியில் கொடுத்திருக்கும் கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். தனியாகச் சிக்கிக்கொண்டவருக்கு ட்ராக்தான் பாதுகாப்பான முதல் வழி.

*ட்ராக்கைப் பள்ளத்துக்குக் குறுக்கே பாலம் மாதிரி போடலாமா?*
கூடாது. பெரும்பாலான நைலான் ட்ராக்குகள் கீழே மணல் தாங்கும்போதுதான் எடையைத் தாங்கும். அந்தரத்தில் விட்டால் உடைந்துவிடும்.

*கார் ஃப்ளோர் மேட்டைப் போட்டா வேலை செய்யாதா?*
லேசாகச் சிக்கியிருந்தால், காற்றையும் இறக்கியிருந்தால் சில நேரம் கைகொடுக்கும். பெரும்பாலும் டயர் அதைச் சுருட்டிப் பின்னால் எறிந்துவிடும். அவசரத்துக்குத் தென்னை மட்டையும் பலகையும் அதைவிட மேல்.

*விலை குறைந்த ட்ராக் வாங்கலாமா?*
வாங்கும் முன், வளைத்துப் பாருங்கள். வளைந்து பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சட்டென்று வெடிப்பு விட்டால் வேண்டாம். பற்கள் கூர்மையாகவும் அடர்த்தியாகவும் இருக்கிறதா, கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். டயரின் அகலத்தைவிட ட்ராக் அகலமாக இருப்பது நல்லது.

*எஸ்.யு.வி வடிவத்தில் இருக்கும் சாதாரண காருக்கும் உதவுமா?*
உதவும். பவர் போகும் சக்கரங்களுக்கு வைத்தால் போதும். ஆனால், அடிப்பகுதி தாழ்வாக இருப்பதால் தோண்டும் வேலை அதிகம். மணலில் இறக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

- ரிக்கவரி ட்ராக் குறைந்தது இரண்டு, முனையில் கயிறோடு
- நீளமான கைப்பிடி உள்ள மண்வெட்டி
- ஏர் கேஜ், காற்று பம்ப்
- ஜாக்கி, அதற்கு அடியில் வைக்க அகலமான பலகை (இல்லையென்றால் ஜாக்கியே மணலுக்குள் போய்விடும்)
- தடிமனான கையுறை; வெயிலில் கிடந்த ட்ராக் கையைச் சுட்டுவிடும்
- ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது ஐந்து லிட்டர் தண்ணீர்
- பவர் பேங்க், ஆஃப்லைன் மேப், முதலுதவிப் பெட்டி
- கடற்கரை என்றால் அன்றைய அலை ஏற்ற நேரம், எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்
- எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்

ட்ராக்கை வாங்கியதும் அப்படியே மாட்டிவைக்காமல், அனுமதி உள்ள பயிற்சி மைதானத்தில், கூட இன்னொரு வண்டி இருக்கும்போது, ஒருமுறை வேண்டுமென்றே சிக்கி, தோண்டி, வெளியே வந்து பாருங்கள். ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டால், நிஜமாகவே சிக்கும்போது பதற்றம் வராது. பதற்றம் வராவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கத் தோன்றாது. மணலில் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்!